நீலக் காற்றாடியும் முள்ளங்கிப் பாத்தியும்

நியூயார்க்கின் மேற்கு 41ஆம் தெருவில் இன்று பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எட்டாவது அவென்யூவில் சுரங்க ரயிலை விட்டு மேலே ஏறினால் போர்ட் அத்தாரிட்டி பேருந்து முனையம் எதிரே நிற்கிறது. 1950இல் திறந்த கட்டடம். பிறகு விரிந்து தெருவின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டது. நியூ ஜெர்சிக்குப் போகும் பேருந்துகள் மேல்தளத்தில் உறுமிக்கொண்டே இருக்கின்றன. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு நடுவில் அண்ணாந்து பார்த்தபடி நின்ற என்னைக் கண்டு, வழி தவறிவிட்டதா என்று ஒரு காவலர் கேட்டார். தெரு இதுதானே என்று உறுதி செய்துகொண்டேன். இதுதான் என்றார்.

மேரி எல்லன் வில்சன் என்ற சிறுமி இந்தத் தெருவில் அடைபட்டுக் கிடந்தாள். 1873 டிசம்பரில் எட்டா வீலர் என்ற மெத்தடிஸ்ட் சேவைப் பெண் அவளை முதன்முதலாகப் பார்த்தார். பல குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த வாடகைக் கட்டடம் அது. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அடிபடும் சத்தம் நாள் தவறாமல் கேட்கிறது என்று அங்கே நெடுநாள் இருந்த ஒரு பெண்மணி எட்டாவிடம் சொன்னார். வெறும் சந்தேகத்தோடு அந்நியர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. எட்டா ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்தார். அடுத்த வீட்டில் ஒரு பெண் நோயில் படுத்திருந்தார். "அவரைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டுக்கொண்டு மேரி எல்லன் இருந்த கான்னலி வீட்டுக்குள் நுழைந்தார்.

உள்ளே ஒரு சிறுமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பார்வைக்கு ஐந்து வயதுதான் இருக்கும். உண்மையில் பத்தை நெருங்கியிருந்தாள். டிசம்பர்க் குளிரில் காலில் செருப்பில்லை. கையிலும் காலிலும் தழும்புகள். மேசை மேல் முறுக்கிய தோல் சாட்டை கிடந்தது.

மேரி எல்லனின் அப்பா இறந்துபோனார். அம்மா வேலைக்குப் போவதற்காகக் கைக்குழந்தையைக் கூலிக்கு வளர்ப்பவளிடம் விட்டிருந்தாள். கூலிப்பணம் நின்றதும் வளர்ப்பவள் குழந்தையை நகரத்தின் அறச்சாலைத் துறையிடம் ஒப்படைத்துவிட்டாள். அங்கிருந்து ஒரு தம்பதி அவளை வாங்கிப் போனார்கள். அந்தக் கணவரும் இறக்க, மனைவி மறுமணம் செய்து கான்னலி ஆனாள். மேரி எல்லன் ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டைவிட்டு வெளியே விடப்படவில்லை. விளையாடத் துணை கிடையாது. ஜன்னலுக்குக் கீழே தரையில் ஒரு கம்பளத் துண்டுதான் படுக்கை. பின்னாளில் நீதிமன்றத்தில், தன்னை யாரும் முத்தமிட்டதாக நினைவில்லை என்றாள்.

எட்டா வீலர் காவல் நிலையத்துக்குப் போனார், அறநிலையங்களுக்குப் போனார். எல்லோரும் சாட்சியம் கேட்டார்கள். குழந்தையை வதைப்பது குற்றம் என்று சட்டம் இருந்தது. அதை நிறைவேற்றுவது யார் வேலை என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவர் ஹென்றி பெர்க்கிடம் போனார். 1866இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் பெர்க். அவர் குழந்தையை ஒரு விலங்கு என்று வாதாடித்தான் மீட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையில்லை. தனிமனிதராகவே அவர் இதில் இறங்கினார். அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி, ஆட்கொணர்வுச் சட்டத்தின் ஒரு பிரிவைப் பிடித்து வழி கண்டுபிடித்தார். 1874 ஏப்ரல் 9ஆம் தேதி குதிரை வண்டிக் கம்பளத்தில் சுற்றி மேரி எல்லனை நீதிமன்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். கத்தரிக்கோல் கிழித்த காயம் முகத்தில் இருந்தது. ஏழைகளின் நியூயார்க்கைப் பற்றிப் பின்னாளில் எழுதிப் புகழ்பெற்ற ஜேக்கப் ரீஸ், அன்று நிருபராக அந்த அறையில் இருந்தார். வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டு கடுங்காவல் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1875இல், குழந்தை வதைத் தடுப்புக்கென்று நியூயார்க்கில் ஒரு சங்கம் சட்டப்படி பதிவானது. உலகில் அப்படியொரு சங்கம் முதன்முதலாக அங்கேதான் உருவானது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெர்க்கையும் கெர்ரியையும் நீதிமன்றத்தையும் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். நான் அந்தப் பேருந்து முனையத்தின் கீழே நின்று வேறு இருவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி சுவருக்கு இந்தப் பக்கம் சத்தத்தைக் கேட்டு, யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று நினைத்தவள். இன்னொருத்தி குழந்தையை நேரில் பார்ப்பதற்கு ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்தவள். குழந்தை யார் கண்ணிலாவது பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து நான் பார்க்கப் போன தோட்டங்களையெல்லாம் இந்த எண்ணத்தோடுதான் பார்த்தேன்.

ஒன்பதாவது அவென்யூவில் வடக்கே நடந்தால் ஹெல்ஸ் கிச்சன். ஐரிஷ் குடியேறிகளும், அவர்களுக்குப் பின்னால் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் வாழ்ந்த பகுதி. இன்று உணவகங்கள் வரிசையாக நிற்கின்றன. தெருவோரப் பேரி மரங்கள் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. 48ஆம் தெருவில் திரும்பி ஒன்பதாவது, பத்தாவது அவென்யூக்களுக்கு நடுவில் போனால் இரும்பு வேலிக்குள் கிளின்டன் சமுதாயத் தோட்டம்.

1970களில் நியூயார்க் நகராட்சி திவாலின் விளிம்பில் நின்றது. வரி கட்டாமல் கைவிட்ட கட்டடங்கள் இடிந்து, நகரம் முழுக்கக் குப்பை மேடாகக் காலி மனைகள் கிடந்தன. 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் பவரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் முனையில் ஒரு மனையைச் சுத்தம் செய்து பயிரிட்டார்கள். 'கிரீன் கெரில்லாஸ்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். நகராட்சி அவர்களிடம் மாதம் 1 டாலர் வாடகை வாங்கியது. அங்கே தொடங்கியது நகரமெங்கும் பரவியது. இன்று நகராட்சியின் 'கிரீன்தம்ப்' திட்டத்தில் 550க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன.

48ஆம் தெரு மனையை அக்கம்பக்கத்தார் 1978இல் தோட்டமாக்கினார்கள். சில ஆண்டுகளில் நகராட்சி அதை ஏலம் விடப் பார்த்தது. தெருக்காரர்கள் சதுர அங்குலம் 5 டாலர் என்று விற்று நிதி திரட்டினார்கள். 1984இல் அந்த இடம் பூங்காத் துறைக்குப் போய்ச் சேர்ந்து நிலைபெற்றது. சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கிற யாரும் கதவுச் சாவி வாங்கிக்கொள்ளலாம். சாவியோடு ஒருவர் உள்ளே போகும்போது நானும் நுழைந்தேன். முன்பக்கம் புல்தரையும் பூச்செடிகளும். பின்பக்கம் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பாத்திகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடும்பத்தினுடையது. டூலிப் பூக்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், வருகிற போகிற ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். 41ஆம் தெரு அங்கிருந்து ஏழு தெருக்கள் தள்ளித்தான். மேரி எல்லனின் பெயர் அந்தக் கட்டடத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இன்னும் மேற்கே, 52ஆம் தெருவுக்கும் 54ஆம் தெருவுக்கும் நடுவில், ஹட்சன் ஆற்றை ஒட்டி டிவிட் கிளின்டன் பூங்கா இருக்கிறது. பந்து மைதானங்களும், நாய்களை ஓடவிடும் இடமும், முதல் உலகப் போர் வீரன் சிலையும் உண்டு. ஆனால் நான் தேடி வந்த இடம் அங்கே இல்லை. அது 1930களின் தொடக்கத்தில் நெடுஞ்சாலை போட்டபோதே போய்விட்டது.

ஏழு பிள்ளைகளின் தாயான ஃபேனி கிரிஸ்கம் பார்சன்ஸ் 1902இல் இங்கே குழந்தைகளுக்கென்று ஒரு பண்ணையைத் தொடங்கினார். நியூயார்க் நகரின் முதல் குழந்தைகள் பள்ளிப் பண்ணை அதுதான். கல்லும் குப்பையுமாகக் கிடந்த தரையை வெட்டித் திருத்திச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்தார்கள். ஆளுக்கு ஒரு பாத்தி. மக்காச்சோளம், பீட்ரூட், கேரட், முள்ளங்கி, லெட்டூஸ், பீன்ஸ் எல்லாம் போட்டார்கள். விளைந்ததைக் குழந்தைகளே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் ஒரு சிறிய பண்ணை வீடும் இருந்தது. சுற்றிலும் இறைச்சிக் கூடங்கள், தொழிற்சாலைகள், சரக்கு ரயில். வாடகைக் குடியிருப்புகளில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வேர் பிடித்த செடியைக் கையால் தொட்டதே இல்லை.

பார்சன்ஸ் தன் நோக்கத்தைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். காய்கறி அவருக்கு ஒரு சாக்கு. குழந்தைகள் எவ்வளவு ஆசையோடு உழைக்கிறார்கள் என்று காட்டவேண்டும், பொதுச் சொத்தைத் தன் சொத்தாகப் பேணக் கற்றுக்கொடுக்கவேண்டும், நேர்மையும் நீதியும் தன்னாட்சியும் பழக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தப் பட்டியலில் வதைத் தடுப்பு இல்லை. ஆனாலும் மேரி எல்லன் அடைபட்டுக் கிடந்த அதே பேட்டையில், முப்பது ஆண்டு கழிந்து, ஒவ்வொரு ஏழைக் குழந்தையும் வாரந்தோறும் வெளிச்சத்தில் வந்து நின்றது. பெரியவர்கள் சிலர் அதன் முகத்தைப் பார்த்தார்கள், வராவிட்டால் கவனித்தார்கள். அந்தக் காலத்தில் வதைத் தடுப்புச் சங்கத்தின் அதிகாரிகளை ஏழைத் தாய்மார்கள் பிள்ளைபிடிக்கிறவர்களாகப் பார்த்துப் பயந்தார்கள். பண்ணையிடம் யாருக்கும் அந்தப் பயம் இல்லை. எனக்கு இது பெரிய வித்தியாசமாகப் படுகிறது. ஆற்றங்காற்றில் அந்த மைதானத்தைச் சுற்றி நடந்தேன். பண்ணை இருந்ததைச் சொல்ல இன்னும் பெரிதாக ஏதாவது வைக்கலாம்.

மறுநாள் சனிக்கிழமை. என் கல்லூரித் தோழியின் தங்கை பிராங்க்ஸில் ஒரு பொதுப் பள்ளியில் ஆலோசகராக இருக்கிறாள். மதுரைக்காரி. "அக்கா, ஏப்ரல்ல வந்திருக்கீங்க, காற்றாடி நடுறதப் பாக்காமப் போகக் கூடாது" என்று டைம்ஸ் ஸ்கொயரில் 2ஆம் எண் ரயிலில் ஏற்றினாள். மூன்றாவது அவென்யூ நிலையம் தாண்டியதும் ரயில் தரைக்கு மேலே வந்தது. செங்கல் குடியிருப்புகள், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகள். 1970களில் எரிந்துகொண்டே இருந்த பகுதி இது. வாடகை வராத கட்டடங்களுக்குக் காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே தீ வைத்ததும் உண்டு. எரிந்து கிடந்த மனைகளைப் போர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் கூட்டிப் பெருக்கி, சோளமும் மிளகாயும் நட்டு, நடுவில் 'காசிட்டா' என்று வண்ணம் பூசிய மர வீடு கட்டிக்கொண்டார்கள். நாங்கள் போன தோட்டத்திலும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு காசிட்டா இருந்தது.

உள்ளே இருபது பிள்ளைகளாவது இருப்பார்கள். வாயிலை ஒட்டிய நீளமான பாத்தியில் நீலக் காற்றாடிகளை வரிசையாக ஊன்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பனையோலையை மடித்து முள் குத்திச் செய்வோமே, அதே வடிவம்தான். இது பளபளக்கும் பிளாஸ்டிக்.

நீலத்துக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1989இல் வர்ஜீனியாவில் பானி ஃபின்னி என்ற பெண்மணி தன் வேனின் ஆன்டெனாவில் ஒரு நீல ரிப்பனைக் கட்டினார். அவருடைய பேரன் வதைபட்டு இறந்திருந்தான். உடம்பில் கன்றிப்போன அடிகளின் நிறம் தனக்கு மறந்துவிடக் கூடாது என்று அந்த நீலத்தைத் தேர்ந்தார். அமெரிக்காவில் 1983 முதலே ஏப்ரல் குழந்தை வதைத் தடுப்பு மாதம். நீல ரிப்பன் அதன் அடையாளமானது. சிகாகோவில் 1972இல் டானா ஸ்டோன் தொடங்கிய அமைப்பு, இன்று 'பிரிவென்ட் சைல்ட் அப்யூஸ் அமெரிக்கா' என்ற பெயரில் இயங்குகிறது. 2008இல் அது காற்றாடியை முன்வைத்தது. காயத்தை நினைவூட்டும் சின்னத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய விளையாட்டை நினைவூட்டும் சின்னம். நகர மன்றங்கள், மருத்துவமனைகள், பள்ளிகளின் முன்னால் ஏப்ரலில் இப்படிக் 'காற்றாடித் தோட்டங்கள்' எழுகின்றன.

அவற்றை ஊன்றுகிற பிள்ளைகளிடம் இந்தத் தோட்டத்தார் அதிகம் விளக்குவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் பத்திரமாக இருக்கவேண்டும் என்பதற்காக இதை வைக்கிறோம், அவ்வளவுதான். விவரமெல்லாம் வேலிக்கு வெளிப்பக்கம் பெரியவர்களுக்காகத் தொங்கியது: ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் உதவி எண், அடையாளங்கள், என்ன செய்வது. நான் இதை முழு மனதோடு ஏற்கிறேன். தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, விழிப்புணர்வு ஊட்டிவிட்டோம் என்று பெரியவர்கள் நகர்வதை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். விழிக்க வேண்டியவர்கள் வேலிக்கு வெளியே நிற்கிறவர்கள்.

காற்றாடி நடுவது அரைமணி நேரத்தில் முடிந்தது. ஏப்ரல் முடிந்ததும் பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்களாம். அதன் பிறகு தொடங்கிய வேலைதான் என்னை அங்கே கட்டிப்போட்டது.

பலகை அடித்த உயர்பாத்திகள். பழைய கட்டடங்களின் பெயின்ட்டிலிருந்து ஈயம் இறங்கிய மண் என்பதால், இங்கே வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்பித்தான் பயிரிடுகிறார்கள். மார்ச்சில் ஊன்றிய பட்டாணி நூல் பிடித்து ஏறத் தொடங்கியிருந்தது. தக்காளி நாற்று மே பாதிக்குப் பிறகுதான் வெளியே வரும், அதற்கு முன் வைத்தால் உறைபனி அடித்துவிடும். பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பது முள்ளங்கி. போட்ட ஒரே மாதத்தில் பிடுங்கலாம். "வீட்ல எதுவுமே சொன்னபடி நடக்காத பிள்ளைக்கு, நட்டது வளரும்னு ஒரு மாசத்துல தெரியணும் அக்கா. தக்காளிக்குக் காத்திருக்கச் சொல்ல முடியாது" என்றாள் ஆலோசகர்.

ஒவ்வொரு பாத்தியையும் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். ஒரு பிள்ளையின் தடுப்புக்குள் அந்தப் பிள்ளையைக் கேட்காமல் யாரும் கை வைக்கக் கூடாது, டீச்சர் உட்பட. களை பிடுங்க உதவ வந்த ஓர் இளைஞர், எட்டு வயதுச் சிறுமியின் பாத்திக்கு முன்னால் குந்தி, "இதை எடுக்கட்டுமா?" என்று கேட்டார். அவள் யோசித்து, வேண்டாம் என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார். அவள் முகத்தில் வந்த நிமிர்வை நான் பார்த்தேன். பெரியவர் ஒருவரிடம் வேண்டாம் என்று சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டார். வகுப்பறையில் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் பற்றிச் சொல்லும்போது இந்தக் கயிற்றைத்தான் எடுத்துக்காட்டுவேன் என்றாள் மதுரைக்காரி. உன் உடம்பும் உன் பாத்தி. பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்களாம்.

தோட்டம் என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. பிள்ளைகள் கூடும் எந்த இடமும், பிள்ளைகளைத் தேடி வரும் தீயவர்களையும் இழுக்கும். அதை இவர்கள் மறைக்கவில்லை. தன்னார்வலர்களின் பின்னணியை விசாரித்துத்தான் சேர்க்கிறார்கள். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியே இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். கருவிக் கொட்டகையின் கதவைக் கழற்றியே வைத்துவிட்டார்கள். காசிட்டாவின் ஜன்னல்களுக்குத் திரை இல்லை. பிள்ளையிடம் "யாரிடமும் சொல்லாதே" என்று எதையும் சொல்லக் கூடாது. கூட்டிப்போக வருகிறவர் கையெழுத்துப் போடவேண்டும். என் கையிலிருந்த கைபேசியைப் பார்த்து, படம் எடுக்கக் கூடாது என்று ஒரு பையனே வந்து சொன்னான்.

காசிட்டா வாசலில் அமர்ந்து காபி குடித்தோம். ஆலோசகர் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். நியூயார்க் சட்டப்படி அவள் கட்டாயம் புகார் செய்ய வேண்டியவர்களில் ஒருத்தி. சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் மாநிலப் பதிவகத்துக்கு உடனே தொலைபேசியில் சொல்லவேண்டும், 48 மணி நேரத்துக்குள் எழுத்திலும் கொடுக்கவேண்டும். ஆசிரியர், மருத்துவர், சமூகப் பணியாளர் என்று பட்டியலில் உள்ளவர்களுக்கே அங்கே இந்தக் கடமை. நம் நாட்டில் 2012இன் போக்சோ சட்டம் இன்னும் விரிவானது. பாலியல் குற்றம் நடந்தது அல்லது நடக்கக்கூடும் என்று அறிந்த யாரும் சொல்லியாக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்துச் சொல்லலாம். ஆனால் மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், பேசிய குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதோவொரு விதமான பாலியல் துன்பத்தைச் சொன்னார்கள். பெரும்பாலோர் அதற்கு முன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. யாரிடம் சொல்வது என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு முகம் இல்லாதபோது சட்டம் மட்டும் என்ன செய்யும்?

எலிசா இஸ்கியெர்டோவை நியூயார்க்கில் இந்த வேலையில் இருப்பவர்கள் யாரும் மறப்பதில்லை. 1995 நவம்பரில் ஆறு வயதில் தாயின் கையால் இறந்த சிறுமி. அடுத்த ஆண்டு நகராட்சி குழந்தைகள் சேவைக்கெனத் தனித் துறை அமைத்தது அவளுக்குப் பிறகுதான். அவளிடம் ஏதோ சரியில்லை என்று பள்ளியில் கண்டார்கள், புகாரும் செய்தார்கள். அதன் பிறகு தாய் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். "அதுக்கப்புறம் அவள யாருமே பாக்கல அக்கா" என்றாள் ஆலோசகர்.

ஆனால் பார்வை எப்போதும் நன்மையாகவே இருப்பதில்லை என்பதையும் அவளே சொன்னாள். அமெரிக்காவில் 2022இல் ஏறத்தாழ 5.6 லட்சம் குழந்தைகள் வதைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக அரசு கணக்கிட்டது. இறந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். பாதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கு புறக்கணிப்புக்கு ஆளானவர்கள். புறக்கணிப்பு என்று எழுதப்படுவதில் பாதி வறுமையாக இருக்கிறது என்பது அவள் அனுபவம். இரவு வேலைக்குப் போகும் தாய், சூடேற்றி வேலை செய்யாத வீடு, காலி குளிர்பதனப் பெட்டி. அதிகாரி கதவைத் தட்டுவது இங்கே பெரும்பாலும் கறுப்பர், லத்தீன் குடும்பங்களின் வீடுகளில். 2020 வசந்தத்தில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது நகரில் புகார்கள் பெரிதும் குறைந்தன. பிள்ளைகள் கண்ணில் படவில்லை, வதை மறைந்துவிட்டது என்று சிலர் அஞ்சினார்கள். கதவு தட்டப்படாத குடும்பங்கள் அக்கம்பக்கத்தார் உதவியோடு நன்றாகவே சமாளித்தன என்று வேறு சிலர் வாதிட்டார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றாள் அவள். புகார் எழுதும் நிலைக்கு முன்னாலேயே ஒரு பை அரிசியோ, பிள்ளையை மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள ஓர் இடமோ கொடுத்தால், பல வீடுகளில் அந்த நிலையே வராது. சனிக்கிழமை இந்தத் தோட்டத்தில் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு தாய் தூங்கப் போகிறாள். அதுவும் வதைத் தடுப்புதான்.

நான் எங்கள் பள்ளிகளை நினைத்துக்கொண்டேன். பசுமைப்படை இருக்கிறது, மரக்கன்று நடும் நாள் இருக்கிறது. நட்டவுடன் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கன்றுக்கு மறுவாரம் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டால் பல இடங்களில் பதில் இருக்காது. அதே பத்துப் பிள்ளைகள், அதே இரண்டு பெரியவர்கள், ஆண்டு முழுக்க அதே நாளில் கூடும் ஒரு கீரைப் பாத்திக்கு அதிகம் செலவில்லை. வேண்டியது ஒரு குழாய், கொஞ்சம் மட்கு உரம், நாள் தவறாமல் வரும் இரண்டு பேர், எல்லோருக்கும் எழுதி ஒட்டிய விதிகள். மண்ணைக் கிளறும்போது பிள்ளைகள் நம் முகத்தைப் பார்க்காமல் பேசுவார்கள். நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால் வராத பேச்சு, களை பிடுங்கும்போது வந்துவிடுகிறது. பிராங்க்ஸ் தோட்டத்தில் இருந்த மூன்று மணி நேரத்தில் இதை நானே கேட்டேன். என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதமாட்டேன்.

தோட்டத்தை நடத்துபவர் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த பாட்டி. எழுபது வயதுக்கு மேலிருக்கும். பிற்பகலில் பூவாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். எந்தப் பிள்ளை எந்தப் பாத்தி, அன்று வந்ததா இல்லையா என்று பென்சிலில் குறித்திருந்தார். ஒரு பெயருக்கு நேரே இரண்டு சனிக்கிழமைகள் காலியாக இருந்தன.

"ரெண்டு வாரம் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்றேன்.

"முதல் வாரம் விட்டுவிடுவேன், யாருக்கும் வேலை இருக்கும். ரெண்டாவது வாரம் நான் கூப்பிடுவேன். எடுக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் நடந்து போவேன். முள்ளங்கி கொண்டுபோனால் யாரும் கதவைத் திறக்காமல் இருக்கமாட்டார்கள்."

சொல்லிக்கொண்டே கைபேசியில் எண்ணை அழுத்தினார். நாலைந்து முறை மணி அடித்த பிறகு யாரோ எடுத்தார்கள். ஸ்பானிஷில் நீளமாகப் பேசினார், ஓரிடத்தில் சிரித்தார். பிறகு குழந்தையிடமே கொடுக்கச் சொல்லி அதோடும் பேசினார். காதில் தொற்று, காய்ச்சல், மருந்து கொடுக்கிறார்களாம். உன் பாத்தியில் முள்ளங்கி தடித்துவிட்டது, அடுத்த வாரம் நீ வந்து பிடுங்காவிட்டால் வெடித்துவிடும் என்று சொன்னதாக எங்களிடம் மொழிபெயர்த்தார். நோட்டில் அந்தக் காலிக் கட்டத்தில் என்னவோ எழுதிவிட்டு, விரலை அடுத்த பெயருக்கு நகர்த்தினார்.